ஊரில் 120 நாள், முகாமில் 31 வாரம்: அக்னிவீராகப் போகும் தம்பிக்காக ஒரு கணக்கு

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கிறீர்கள். ஊர் காஞ்சிரங்குளம். நெய்யாற்றின்கரை தாலுகா, பூவாறு பக்கம். ஒருநாள் இரவு தம்பியிடமிருந்து போன். "அண்ணே, அக்னிவீர் பாரம் வந்திருக்கு. பதினெட்டு ஆகலல்லா, அப்பா கையெழுத்து போடணும். நீங்க அப்பாட்ட சொல்லணும்."

என்ன சொல்வீர்கள்?

நாட்டுப்பற்று, ஒழுக்கம், "அரசு வேலை" என்று பேச ஆரம்பித்தால் அந்த உரையாடல் ஐந்து நிமிடத்தில் உணர்ச்சிவசப்பட்டு முடிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த வாதத்துக்குள் போகவில்லை. பையன் உள்ளே போனால் அவனுடைய நாள் எப்படி இருக்கும், வீட்டோடு தொடர்பு எவ்வளவு மிஞ்சும், கையில் என்ன வரும், 21 வயதில் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எண்களை வைத்துப் பார்க்கப் போகிறோம். இப்போது இதைப் பேச ஒரு காரணமும் இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியிலும் 2023 ஜனவரி தொடக்கத்திலும் ராணுவப் பயிற்சி மையங்களுக்குள் போன முதல் அணிக்கு நான்கு வருடம் முடிவது 2026 கடைசி, 2027 தொடக்கத்தில். திட்டத்தின் மிக முக்கியமான கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும்.

எல்லையில் பிறந்தால் எந்த ஆபீஸ்?

முதலில் ஒரு சின்ன விசித்திரம். களியக்காவிளையில் இருக்கும் உங்கள் மாமா பையன் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருவான். சில கிலோமீட்டர் தள்ளி பாறசாலையிலோ காஞ்சிரங்குளத்திலோ இருக்கும் உங்கள் தம்பி திருவனந்தபுரம் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போவான். அது கேரளாவின் தெற்கு 7 மாவட்டங்களைப் பார்க்கும் அலுவலகம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றது. அந்தக் கோடு இன்றைக்கும் இருப்பிடச் சான்றிதழில் வந்து நிற்கிறது. வீட்டில் தமிழ் பேசினாலும் வில்லேஜ் ஆபீஸ் மலையாளத்தில்தான்.

ஆனால் இருவரும் தேர்வானால் ஒரே பேரக்கில் படுக்க நிறைய வாய்ப்பு உண்டு: நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். தென்னிந்தியக் காலாட்படை வீரர்கள் உருவாகும் இடம். ரெஜிமெண்டின் வயது 1758-லிருந்து கணக்கிடப்படுகிறது. இதன் 9-வது பட்டாலியன் அதைவிடப் பழையது. 1704-ல் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் மன்னரின் காவல் படையாகத் தொடங்கி, 'நாயர் பட்டாளம்' என்று ஊர்வாயில் நின்று, 1954-ல் இந்திய ராணுவத்தின் பகுதியானது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போரை இந்தப் பட்டாலியன் இன்றும் கொண்டாடுகிறது. அதாவது தம்பி ஏதோ வடக்கத்திய நிறுவனத்தில் சேரவில்லை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் தொடங்கிய படை அது. ரெஜிமெண்டின் போர் முழக்கத்திலேயே 'அடி, கொல்லு' என்ற தமிழ் இருக்கிறது. பையன்களை 'தம்பி' என்று அழைக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

இதைச் சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. பட்டாளத்துக்குப் போனால் பதினைந்து, பதினேழு வருடம் கழித்து பென்ஷனோடும் கேன்டீன் கார்டோடும் திரும்பலாம் என்பது இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குத் தெரிந்த பாதை. தாத்தா, பெரியப்பா, யாராவது ஒருவர் அப்படி இருப்பார். தம்பியின் கற்பனையில் இருப்பது அந்தப் பெரியப்பாவின் வாழ்க்கை. அவன் கையெழுத்து போடப் போகும் ஒப்பந்தம் வேறு.

5 நிமிடம் 30 விநாடி

விடியற்காலையில் மைதானத்தில் ஓடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் துரத்துவது ஒரு எண்ணை. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண். கம்பியில் 10 முறை ஏறினால் 40. இவை தவிர 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து செல்லும் கட்டையில் விழாமல் நடக்க வேண்டும். பொதுப் பணிக்குத் தென் மாநிலங்களில் உயரம் 166 செ.மீ. 2023-லிருந்து வரிசை மாறிவிட்டது. முன்பு ஓட்டம் முதலில், எழுத்துத் தேர்வு பிறகு. இப்போது கம்ப்யூட்டர் தேர்வு முதலில். அதில் தேறினால்தான் மைதானம். தமிழ், மலையாளம் உட்பட 13 மொழிகளில் இந்தத் தேர்வை எழுதும் வசதி 2025-ல் வந்தது. மலையாள மீடியத்தில் படித்து வீட்டில் தமிழ் பேசும் பையனுக்கு இது சின்ன விஷயமில்லை.

போட்டி எவ்வளவு? 2022-ல் விமானப்படை சுமார் 3,000 இடங்களுக்கு ஆள் கேட்டது. வந்த விண்ணப்பங்கள் 7,49,899. ஒரு இடத்துக்கு கிட்டத்தட்ட 250 பேர்.

2022 ஜூன் 14 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது பீகாரில் ரயில்கள் எரிந்ததும் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்ததும் நினைவிருக்கும். ஜூன் 18 அன்று திருவனந்தபுரத்திலும் நூற்றுக்கணக்கான பையன்கள் தெருவில் இறங்கினார்கள். 2021-லேயே ஓட்டத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறிவிட்டு, கோவிட் காரணமாகத் தள்ளித் தள்ளிப் போடப்பட்ட எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். புதிய திட்டம் வந்ததும் பழைய தேர்வு ரத்து. பலருக்கு அதற்குள் வயது தாண்டியிருந்தது. வழக்கு போனது. 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. அந்தப் பையன்களைப் பற்றி அதன்பிறகு யாரும் பெரிதாக எழுதவில்லை. நாங்களும்தான்.

உள்ளே ஒரு நாள்

கடலோரத்துப் பையன் 1,800 மீட்டருக்கு மேலே உள்ள வெலிங்டனில் போய் இறங்கும்போது முதலில் அடிப்பது குளிர். அடுத்தது இந்தி. கட்டளைகளும் வகுப்புகளும் பெரும்பாலும் இந்தியில்தான். பேச வராவிட்டாலும் முதல் வாரத்திலேயே சில சொற்கள் ஒட்டிக்கொள்ளும். சொல்லிக்கொடுப்பவர் 'உஸ்தாத்'. சாப்பாட்டுக் கூடம் 'லங்கர்'. விடுமுறை 'சுட்டி'. ஒருவன் தப்பு செய்ததற்கு எல்லோரும் தரையில் உருளுவது 'ரகடா'.

விடியும் முன்னே எழுந்து பாயை மடித்து, ஷேவ் செய்து, ஃபால்-இன். உடற்பயிற்சி, டிரில், ஆயுதம் கழற்றி மாட்டுவது, தடை ஓட்டம், வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவு வருகைக் கணக்கெடுப்பு. காலாட்படை, பீரங்கிப்படை மையங்களில் இது பொதுவாக 31 வாரம் ஓடுகிறது. முதல் 10 வாரம் அடிப்படை, அடுத்த 21 வாரம் அந்தந்தப் பிரிவுக்கான பயிற்சி. இந்த 31 வாரமும் அந்த நான்கு வருடத்துக்குள்ளேயே அடங்கும். ஆக, யூனிட்டில் சிப்பாயாக அவன் இருக்கப்போவது மூன்று வருடமும் சில மாதங்களும்தான்.

வீட்டுக்கு முதலில் தெரிவது என்னவென்றால், போன் வராது. பயிற்சிக் காலத்தில் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, குறிப்பிட்ட நேரம், சில நிமிடங்கள். உங்கள் ஆபீஸ் நோட்டிஃபிகேஷன்களோடு ஒப்பிட்டால் இது இன்னொரு நூற்றாண்டு. அந்த சில நிமிடங்களில் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மக்களே, சாப்பிட்டியா?" அவன் "ஆமா" என்பான். முட்டி வீங்கியிருக்கிறது, இந்தி புரியாமல் இரண்டு முறை தண்டனை வாங்கினேன் என்பதெல்லாம் அந்த நேரத்துக்குள் வராது. அண்ணனோ அக்காவோ கேட்டால் ஒருவேளை வரலாம். ஞாயிறு அந்த நேரத்துக்கு மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது இந்தக் கட்டுரையின் ஒரே அறிவுரை.

முன்பு வீட்டுக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் இருந்தது கடிதம். 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று முடியும் முகவரி. எந்த மலையில் இருக்கிறார் என்று தெரியாது, கடிதம் மட்டும் போய்ச் சேரும். மாதம் பிறந்தால் மணியார்டர். இப்போது சம்பளம் வங்கிக்குப் போகிறது, கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்டது. போன் கிடைக்கும்போதும் கட்டுப்பாடு உண்டு. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. நீங்கள் டேக் செய்யும் ஓணம் போட்டோவை அவன் பார்க்காமலே போகலாம்.

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் தமிழ்ப் பையன்களின் கதை இதற்கு நேரெதிர். அங்கே கட்டாயம். இரண்டு வருடம். ஆனால் அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் முதல் நாள் பெற்றோரும் படகேறி தெகோங் தீவுக்குப் போகலாம். மகன் படுக்கப்போகும் இடத்தைப் பார்த்து, முகாம் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். தென்கொரியா 2019-ல் சோதனையாகவும் 2020-ல் முறையாகவும் பணி நேரம் முடிந்தபின் சிப்பாய்களுக்கு போன் கொடுக்கத் தொடங்கியது. வட கொரிய எல்லையை வைத்துக்கொண்டே. நம்மிடம் பெற்றோர் உள்ளே போவது கடைசி நாளில், 'கசம் பரேடு' அன்று. தேசியக் கொடியின் முன் பையன் உறுதிமொழி எடுப்பான், பெற்றோருக்கு 'கௌரவ் பதக்' என்ற பதக்கம் கொடுப்பார்கள். வெலிங்டனில் அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் அம்மாக்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். பல பேர் வாழ்க்கையில் முதல்முறை ஊட்டி பக்கம் வந்தது அதற்காகத்தான் என்று முகமே சொல்லும்.

வீட்டில் எத்தனை நாள்?

வழக்கமான சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. மொத்தம் 90. அக்னிவீருக்கு 30. மருத்துவ விடுப்பு தனி.

நான்கு வருடத்துக்கு 120 நாள். மொத்த நாட்களில் 8 சதவீதம். பெரியப்பா தன் முதல் நான்கு வருடத்தில் ஊரில் இருந்திருக்கக்கூடிய நாட்களில் மூன்றில் ஒரு பங்கு. தம்பிக்கு ஜம்முவில் போஸ்டிங் என்று வையுங்கள். கத்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒருமுறைதான், பயணம் மூன்று நாள். கிறிஸ்துமஸா ஓணமா, அக்கா கல்யாணமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவனுடைய கல்யாணம் கேள்வியே இல்லை. திருமணம் ஆகாதவர்தான் சேரலாம், நான்கு வருடம் முடியும்வரை செய்துகொள்ளவும் கூடாது.

சரி, பணம்

முதல் வருடம் மாதம் 30,000. பிறகு 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதம் 'சேவா நிதி'க்குப் பிடித்துவிடுவார்கள். கையில் வருவது முதல் வருடம் 21,000, கடைசி வருடம் 28,000. சாப்பாடு, தங்குமிடம், உடை அரசு செலவு. கடினமான இடங்களில் அதற்கான படிகள் தனி.

நான்கு வருடத்தில் கைக்கு வரும் சம்பளத்தைக் கூட்டினேன்: சுமார் 11.72 லட்சம். பிடித்த தொகை 5.02 லட்சம், அதே அளவு அரசு போடுகிறது, வட்டியோடு கடைசி நாளில் வருவது சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். கவனித்தீர்களா? இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. மொத்த வருமானத்தில் பாதி, வேலையை விட்டு வெளியே வரும் நாளில்தான் கைக்கு வருகிறது. வீட்டில் கடன் இருந்தால் இது முக்கியம். தம்பி மிலிட்டரி சம்பளம் வாங்குகிறான் என்று நம்பி யாரும் மாதம் 20,000 தவணைக்குக் கையெழுத்து போட்டுவிடக் கூடாது. நடுவில் முடியவில்லை என்று அவன் வெளியே வர நினைத்தால், விதிவிலக்கான சூழலில்தான் அனுமதி. அப்போதும் அவன் போட்ட பணமும் வட்டியும் மட்டும்தான், அரசின் பங்கு கிடையாது.

அந்த 11.71 லட்சத்தை அப்படியே 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் சுமார் 6,800 ரூபாய். ராணுவ ஓய்வூதியத்தின் அடிமட்டத் தொகையே 9,000. அதோடு பெரியப்பாவுக்கு அகவிலைப்படி உண்டு, முன்னாள் படைவீரர் மருத்துவ வசதி உண்டு, பாங்கோடு கேன்டீனில் சாமான் வாங்கும் கார்டு உண்டு. நான்கு வருடத்தில் வெளியே வரும் அக்னிவீருக்கு ஓய்வூதியம், பணிக்கொடை, மருத்துவம், கேன்டீன், முன்னாள் படைவீரர் என்ற பெயர், எதுவும் இல்லை. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 21 வயதில், ஊரில் டிகிரி முடித்து நிற்கும் அவனுடைய வகுப்புத் தோழன் எத்தனை பேரிடம் 11 லட்சம் இருக்கும்? கடன் வாங்கிப் படித்தவனிடம் கணக்கு மைனஸில்கூட இருக்கலாம். எனவே இது மோசமான ஒப்பந்தம் என்று நான் ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். வேறு மாதிரி ஒப்பந்தம். அதைப் பழைய பெயரில் அழைப்பதுதான் தப்பு.

உயிர் போனால்?

இதைப் பற்றி எந்த வீட்டிலும் பேச மாட்டார்கள். பேசியாக வேண்டும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 48 லட்சம் காப்பீடு, பிரீமியம் அரசுடையது. பணியின் காரணமாக மரணம் என்றால் கூடுதலாக 44 லட்சம் கருணைத் தொகை, நான்கு வருடத்தில் மீதமுள்ள காலத்துக்கான சம்பளம், சேவா நிதி. பணியால் 100 சதவீத ஊனம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம்.

2024 ஜூலையில் மக்களவையில் எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். அந்த ஆண்டு ஜனவரியில் ஜம்மு காஷ்மீரில் கண்ணிவெடியில் இறந்த அக்னிவீரின் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று ராகுல் காந்தி சொன்னார். 98.39 லட்சம் கொடுக்கப்பட்டுவிட்டது, மொத்தம் சுமார் 1.65 கோடி வரும் என்று ராணுவம் விளக்கியது. தொகையைப் பற்றிய சண்டையில் உண்மையான வேறுபாடு மறைந்துபோனது. வழக்கமான சிப்பாய் போர்க்களத்தில் இறந்தால், அவர் கடைசியாக வாங்கிய ஊதியத்துக்குச் சமமான ஓய்வூதியம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். அக்னிவீரின் அம்மாவுக்கு அது இல்லை. அதே பதுங்குகுழி, அதே குண்டு. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 பிப்ரவரியிலேயே, பணியில் இறக்கும் அக்னிவீர்களின் குடும்பங்களுக்கும் வழக்கமான வீரர்களுக்கான பலன்களையே தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் சங்கடமாகப் படுவது இந்த இடம்தான். ஒப்பந்தத்தின் நீளத்தை வைத்து வேலைக்கு விலை போடலாம். மரணத்துக்கு எப்படிப் போடுவது?

நாலில் மூணு

நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம 25 சதவீதம் பேர் நிரந்தரமாகத் தொடரலாம் என்பது அறிவிக்கப்பட்ட விதி. தொடர்பவர்கள் இன்னும் குறைந்தது 15 வருடம் பணியாற்றுவார்கள். பெரியப்பாவின் வாழ்க்கை அவர்களுக்கு மட்டும் உண்டு. சேவா நிதியில் அவர்களுக்குத் தங்கள் சொந்தப் பங்கும் வட்டியும்தான் வரும். முதல் வருடத்துக்கு ராணுவம் அறிவித்த எண்ணிக்கை 40,000. அந்தக் கணக்கில் 30,000 பேர் வெளியே வர வேண்டும். இந்த சதவீதத்தை உயர்த்த வேண்டும் என்று ராணுவ வட்டாரங்களிலேயே பேச்சு உண்டு. பேச்சை வைத்து வீட்டு முடிவு எடுக்க முடியாது. தம்பி அந்த நாலில் ஒருவன் என்று அவன் நம்பட்டும், அந்த நம்பிக்கை இல்லாமல் அந்த ரகடாவைத் தாங்க முடியாது. நீங்கள் மற்ற மூணில் ஒருவன் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

வெளியே என்ன இருக்கிறது? மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத இடம் 2022-லேயே அறிவிக்கப்பட்டது. வயது வரம்பில் முதல் அணிக்கு 5 வருடம், மற்றவர்களுக்கு 3 வருடம் சலுகை. எல்லைப் பாதுகாப்புப் படையின் விதிகள் 2023 மார்ச்சில் திருத்தப்பட்டு, உடல்திறன் தேர்விலிருந்தும் விலக்கு வந்தது. உத்தரப் பிரதேசம் 2025 ஜூனில் தன் காவலர் பணியில் 20 சதவீதம் ஒதுக்கியது. இட ஒதுக்கீடு என்றால் வேலை உறுதி என்று அர்த்தமில்லை. காலியிடம் அறிவிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். தேர்வுக்குக் காத்திருந்து வயது தாண்டியவர்களின் கதை திருவனந்தபுரம் தெருவுக்குப் புதிதல்ல.

இந்தக் கேள்வியால் ஒரு நாடே நின்றுவிட்டது. 1947-ன் முத்தரப்பு ஒப்பந்தப்படி கூர்க்கா வீரர்களை இந்தியாவுக்கு அனுப்பி வந்த நேபாளம், 2022 ஆகஸ்டில் ஆள்சேர்ப்பைத் தள்ளிவைக்கச் சொன்னது. நான்கு வருடத்தில் ஆயுதப் பயிற்சியோடு ஊருக்குத் திரும்பும் இளைஞர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பது அவர்களுடைய கவலைகளில் ஒன்று.

படிப்பு விஷயத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது, அது போதுமான அளவு பேசப்படுவதில்லை. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 12-ம் வகுப்புச் சான்றிதழ் கிடைக்கும். இக்னோவில் மூன்று வருட டிகிரி. அதில் பாதி கிரெடிட் ராணுவத்தில் கற்ற திறன்களுக்கே கொடுக்கப்படும், மீதிப் பாதியைப் படித்து முடிக்க வேண்டும். குஞ்சுகிருஷ்ணன் நாடார் பெயரில் காஞ்சிரங்குளத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் சேர்ந்து படிப்பதும், பனிமலையில் டியூட்டி முடித்து வந்து புத்தகம் திறப்பதும் ஒன்றல்லதான். ஆனாலும் 21 வயதில் பணமும் டிகிரியும் சேர்ந்து கையில் இருப்பதற்கும், பணம் மட்டும் இருப்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. இக்னோ பதிவு, தேதி, கட்டணம், அசைன்மென்ட் இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சில நிமிடம் போன் கிடைக்கும் பையன் கவனிப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. லேப்டாப் உங்களிடம்தான் இருக்கிறது.

இனி அந்த போன் காலுக்குத் திரும்புவோம். அப்பா கையெழுத்து போடும் முன் தம்பியிடம் கேட்க வேண்டியவை இவைதான்: நாமினி யார் பெயர், எந்த வங்கிக் கணக்கு, வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், இக்னோ பற்றி அவனுக்குத் தெரியுமா. இன்னொன்று, 2026 கடைசியில் முதல் அணியிலிருந்து யாராவது பாறசாலை ஸ்டேஷனிலோ நெய்யாற்றின்கரையிலோ டிரங்குப் பெட்டியோடு இறங்கினால், அவர்களிடம் போய்ப் பேசச் சொல்லுங்கள்.